அப்பாவின் நாள்

காய்ச்சலுக்குப் பயந்து என் அப்பா கோயிலுக்குப் போனார் என்று மாமா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். அப்பா கோயிலுக்குப் போனது உண்மை. பயந்து போனார் என்பது பொய். நான் கூட இருந்தேன், மாமா இல்லை. இனிமேல் சொல்வதற்கு நான் ஒருத்திதான் மிச்சம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. கோபம்தான் சீக்கிரம் வரும். அப்போதும் அப்படித்தான்.

அப்பாவுக்குச் சாமி கிடையாது. திருவனந்தபுரத்தில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை. அந்த அச்சாபீஸ் பிழைத்ததே பஞ்சாங்கத்தால்தான். தமிழிலும் மலையாளத்திலும் போடுவார்கள். இரண்டையும் அப்பாவே கோப்பார். திதி, நட்சத்திரம், ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போகும். ஒரு வருஷம் ஒரு பக்கத்தில் இரண்டு வரியை இடம் மாற்றிக் கோத்துவிட்டாராம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தப்பான நல்ல நேரத்தில்தான் முதலாளி தம் மகளுக்குத் தாலி கட்டி வைத்தார். அவள் ஐந்து பிள்ளை பெற்றுக் கல்லுப் போல இருந்தாள். அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். வேறு ஆள் இருக்கும்போது இந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

அம்மாவுக்குச் சாமி உண்டு. நிறைய உண்டு. எங்களைக் காய்ச்சலுக்கு முந்தின வருஷம்தான் அப்பா நாகர்கோவிலில் இருந்து கூட்டிவந்திருந்தார். சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே கிணற்றை வைத்துக்கொண்டு ஐந்து குடும்பங்கள் இருந்த வளவில் எங்களுக்கு இரண்டு அறை. வந்த மூன்றாம் மாசத்துக்குள் அந்த வளவில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் நட்சத்திரமும் அம்மாவுக்கு மனப்பாடம். இன்றைக்கு ரோகிணி, கிணற்றடி வீட்டு இளையவனுக்குப் பிறந்தநாள், அவன் அம்மாவே மறந்திருப்பாள், போய்ச் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்புவாள். என் நட்சத்திரம் திருவாதிரை. அது வருகிற நாளில் எனக்குப் பாயசம் உண்டு. அப்பாவுக்கு மட்டும் அப்படி ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான முதல் வாரத்திலேயே அம்மா அவர் பேருக்கு அர்ச்சனை செய்து சந்தனமும் பூவும் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். அப்பா கோபப்படவில்லை. உன் சாமியிடம் நீ என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள், என் பேரை மட்டும் அங்கே சொல்லாதே, நான் நம்பாத இடத்தில் என் பேர் இருந்தால் அது நான் சொன்ன பொய்யாகிவிடும் என்றாராம். அம்மா சரி என்று வாக்குக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக அப்பாவும் ஒன்று செய்தார். எங்களைக் கூட்டிவந்த பிறகு தினமும் வேலை விட்டு வரும்போது சாலையில் அம்மாவின் விளக்குக்குப் பூ வாங்கிவருவார். கை முழுக்க மையாக இருக்கும் என்பதால் பூப்பொட்டலத்தின் நூலை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, எலியை வாலைப் பிடித்துத் தூக்கிவருகிற மாதிரி வருவார்.

சாயங்காலம் அம்மா விளக்கின் முன் நின்று எல்லாருடைய பேரையும் சொல்லுவாள். கையைக் கூப்பி வாயைத் திறப்பாள். உடனே மூடி, ஒரு மூச்சு விடுவாள். அப்புறம் என் பேர், தம்பி பேர், மாமா பேர், மாமி பேர், வளவுப் பிள்ளைகள் பேர் என்று வரிசையாகப் போகும். முதலில் எதற்கு அந்த மூச்சு என்று நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் இடவப்பாதி மழை தொடங்கியதும் அப்பா படுத்தார். விஷக்காய்ச்சல். எனக்கு வயது ஒன்பது. டாக்டர் இரண்டு முறை வந்து பார்த்தார். சோறு கூடாது, கஞ்சித்தெளிவுதான், இருபத்தோரு நாள் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார். தம்பியைக் கிணற்றடி வீட்டில் விட்டோம். அம்மா துணியை நனைத்து நனைத்து அப்பாவின் நெற்றியில் போட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா படுத்தபடியே காற்றில் விரலால் எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பூ வாங்கிவர ஆளில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. அதன் முன்னால் அம்மா நின்றால் அந்த முதல் மூச்சு விட்டு முடிக்க நேரமாயிற்று. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து தணல் அணைகிற சத்தம் கேட்டும் அவள் என் பேருக்கு வரவில்லை. அம்மாவுக்குப் பேர்கள் மறந்துபோய்விட்டன என்று நினைத்தேன்.

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். சாலையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. நல்ல மனுஷர், சத்தம் ஜாஸ்தி. அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்து, தான் போய் இப்பொழுதே பூஜைக்குக் கொடுத்துவிட்டு வருவதாகவும் அம்மா ஒன்றும் செய்யவேண்டாம் என்றும் சொன்னார். நட்சத்திரத்தை மட்டும் சொன்னால் போதும். அப்பாவின் ஜாதக ஓலை எப்போதோ தொலைந்துபோயிருந்தது. பொருத்தம் பார்த்த காலத்தில் தெரிந்தது மாமாவுக்கு மறந்துவிட்டது.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "எனக்கும் மறந்து போச்சு" என்றாள்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாருட்ட சொல்லுதே? அடுத்த வீட்டுப் பூனைக்கு நட்சத்திரம் கேட்டாச் சொல்லுவியே."

"மறந்து போச்சு அண்ணா."

நட்சத்திரம் சொல்லாமல் பேரை மட்டும் சொன்னால் அது யாருக்குப் போய்ச் சேரும், இந்த ஊரில் அந்தப் பேரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், விலாசம் இல்லாத கடுதாசி மாதிரி அலையும் என்று மாமா கத்தினார். வாக்குப் பெரிதா மூச்சுப் பெரிதா என்று கேட்டார். அம்மா அரிசியை மறுபடியும் களைந்தாள். அன்றைக்கு ஆறு தண்ணீர் மாற்றினாள். போகும்போது மாமா என் கையில் ஒரு சக்கரக் காசை வைத்து, அம்மாவிடம் இருந்து எப்படியாவது அதைக் கேட்டு வைக்கும்படி சொன்னார்.

நான் கேட்டு வைக்கிற ஆளா? நேரே கோயிலுக்கே போனேன். சந்து முனையில் சின்னக் கணபதி கோயில். நடையில் ஒருவர் உட்கார்ந்து வழிபாட்டுக்குச் சீட்டு எழுதுவார். காதில் பென்சில், மடியில் வெற்றிலைப் பொட்டலம். வரிசையில் நின்று சக்கரத்தை நீட்டி அப்பாவுக்குப் புஷ்பாஞ்சலி என்றேன். பேரைக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"நாளு?"

எனக்கு அந்தக் கேள்வி சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தைக் காட்டுகிற நேரம் வந்துவிட்டது என்று, "வியாழாழ்ச்ச" என்றேன். அன்றைக்கு வியாழக்கிழமை.

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டு, "அது ஆழ்ச்சயல்லே மோளே. நாளு. அஸ்வதி, பரணி, கார்த்திக... அச்சன்டெ நாளு ஏதா?" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, இந்த ஊரில் நாள் என்றால் நட்சத்திரம். எங்கள் வீட்டில் நாள் என்றால் வியாழனும் வெள்ளியும்தான். காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டில் கேட்டுவிட்டு வா, காசு இங்கேயே இருக்கட்டும் என்றார். ஓடினேன்.

அம்மா அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்து கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதற்குக் கேட்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

"மறந்து போச்சு மக்கா."

"பொய் சொல்லுத."

"மறந்து போச்சு."

நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "அப்பா செத்தாச் சாகட்டும்னு இருக்க நீ" என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். ஈரத்துணி பிழிகிற சத்தம் கேட்டது. பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

அன்றைக்கு முழுக்க அவள் கொடுத்ததைத் தின்னவில்லை. ஒரு வார்த்தைக்காக ஓர் ஆளைச் சாக விடுகிறவள் என்று அம்மாவை வெறுத்தேன். அரைகுறை வெறுப்பில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் மறுபடியும் சீட்டு எழுதுகிறவர் முன்னால் போய் நின்றேன். நாள் கிடைத்ததா என்று கேட்டார். எனக்கென்று இருந்த நாள் ஒன்றுதான்.

"திருவாதிர" என்றேன்.

அப்பாவின் பேர், என் நாள். சீட்டு உள்ளே போயிற்று. பூஜை செய்கிற போற்றி தம் மந்திரத்துக்கு நடுவே இரண்டையும் சேர்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது. இலைத்துண்டில் சந்தனமும் செத்திப்பூவும் கிடைத்தன. வீட்டில் காட்ட முடியாது. கிணற்றடியில் துளசிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவுக்கு வேர்த்தது. அம்மா துடைக்கத் துடைக்க வேர்த்தது. சாயங்காலம் கண்ணைத் திறந்து, அச்சாபீஸில் யார் கோக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டாக்டர் வந்து இனிப் பயமில்லை என்றார். டாக்டரின் மருந்துதான் காரணமா, அம்மாவின் ஈரத்துணியா, கணபதியா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

மழையில் நனைந்து குழி தோண்டியவளுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் எனக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. மாமாதான் சொன்னாரே, விலாசம். நான் அப்பாவின் பேரைப் போட்டு என் விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். காய்ச்சல் அப்பாவை விட்டுவிட்டு விலாசத்தைப் பார்த்து என்னிடம் வந்துவிட்டது. என் நாளையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டதால் இனி அது என்னிடம் இல்லை. நாள் இல்லாதவளுக்கு அடுத்த பிறந்தநாள் எப்படி வரும்? அப்பாவின் பாயைப் பக்கத்தில் தள்ளிப்போட்டு என்னையும் அங்கேயே படுக்கவைத்திருந்தார்கள். போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு அழுதேன்.

அப்பா கையை நீட்டிப் போர்வையை விலக்கினார். எலும்பாகிப்போன கை. என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வியாழாழ்ச்சயையும் சொன்னேன்.

அதைக் கேட்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உன் நாளை எனக்குக் குடுத்துட்டியா?"

"ஆமா."

"அப்போ உனக்கு?"

"ஒண்ணும் இல்ல."

வாசற்படியில் அம்மா கஞ்சித்தெளிவோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"நான் சொல்லல்லே" என்றாள் அம்மா.

"தெரியும்" என்றார் அப்பா. "நீ சொல்லியிருந்தா அவ சரியான நாளைச் சொல்லியிருப்பாளே."

அப்புறம் என்னிடம், இந்த நாளெல்லாம் ஒன்றும் செய்யாது, எல்லாம் ஈயத்தில் வார்த்த எழுத்துதான், திருவாதிரைக்கு உண்டான எழுத்தையெல்லாம் ஒரு பொட்டலத்தில் போட்டுக் கொண்டுவந்து கையிலேயே தருகிறேன் என்று சொல்லிப்பார்த்தார். எனக்கு அழுகை கூடிற்று. பொட்டலத்தில் உதிரியாகக் கிடந்தால் பிறகு யார் கோப்பது? அப்பா வேறு வழியில்லாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"சரி, அழாத" என்றார். "நான் எழுந்து நடக்கட்டும். போய்த் திருப்பி வாங்கிட்டு வந்திருவோம்."

என் காய்ச்சல் இரண்டு நாளில் போய்விட்டது. பயம் போகவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடி நடக்கிறார் என்று பார்த்தேன். அவர் கிணற்றடி வரைக்கும் தனியாகப் போய்வந்த அன்றைக்கே கிளம்பச் சொல்லி நின்றேன். அப்பா சட்டையைப் போட்டார். அம்மாவும் புறப்பட்டாள். வாசலில் நின்று, உள்ளே வரவேண்டாம், வெளியே நின்றாலே போதும், நாங்கள் கேட்டு வாங்கி வருகிறோம் என்று அவரிடம் சொன்னாள். குடுக்கிறவர் முன்னால் நின்றுதானே கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கோயில் நடையில் அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். இந்த ஊரில் ஆண்கள் அப்படித்தான் உள்ளே போகவேண்டும். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கையைக் கூப்பவில்லை. பின்னால் கட்டிக்கொண்டு தபாலாபீஸில் நிற்பதுபோல நின்றார். சீட்டு எழுதுகிறவர் என்னைப் பார்த்ததும், "வியாழாழ்ச்ச வந்நல்லோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அப்பா என் பேரைச் சொன்னார்.

"நாளு?"

"திருவாதிர."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் பாயசத்தை ஒருநாளும் என்ன விசேஷம் என்று கேட்காமல் தின்பவர் அவர். அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

போற்றி உள்ளே என் பேரையும் என் நாளையும் சேர்த்துச் சொன்னார். இலைத்துண்டு வந்தது. அப்பா அதை வாங்கி, சந்தனத்தை ஒரு விரலால் எடுத்து என் நெற்றியில் வைத்தார். "கோத்தாச்சு. இனி உருவி எடுக்க முடியாது" என்றார். என் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல இருந்தது.

சீட்டு எழுதுகிறவர் நல்ல மனுஷர். அப்பாவின் உடம்பைப் பார்த்துவிட்டு, தங்கள் பேருக்கும் ஒன்று எழுதட்டுமா, காசு அப்புறம் தந்தால் போதும் என்றார். பென்சில் பேப்பர் மேல் தயாராக நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். இன்னொருவர் ஆசைக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரியான பார்வை. அவள் தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கு அவர் தம் நாளைச் சொல்லியிருப்பார். இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இதோ அப்பா உள்ளேயே வந்துவிட்டார், சட்டையையும் கழற்றிவிட்டார், இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி என்பதுதான்.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

அதோடு விடவில்லை. அப்பாவின் கையைப் பிடித்தாள். ஒரு மாசம் வேலைக்குப் போகாததால் மை போய் வெளுத்திருந்த விரல். அதில் ஒட்டியிருந்த சந்தனத்தை முந்தானையால் துளிகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டாள். நடையில், அத்தனை பேர் பார்க்க.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவளுக்கு அப்பா மேல் கொஞ்சம்கூடப் பிரியமில்லை, இருந்தால் அந்தச் சந்தனத்தையாவது விட்டிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கையை உதறிக்கொண்டு முன்னால் நடந்தேன். சந்து முனையில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

தெருவில் போனால் அப்பா எப்போதும் பத்தடி முன்னால் போவார். அம்மா பின்னால் வருவாள். அன்றைக்கு அவர் சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், அம்மாவுக்குப் பக்கத்தில், அவள் வைக்கிற அடிக்கு அடி வைத்து வந்துகொண்டிருந்தார். பூக்காரி முன்னால் நின்று பூ வாங்கினார். பொட்டலத்தை முழுக் கையாலும் பிடித்திருந்தார். மறுபடியும் அவளுக்குப் பக்கத்திலேயே வந்தார்.

காய்ச்சலில் கால் தளர்ந்துபோயிற்று, அதனால்தான் வேகமாக நடக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.